நாலு விரல் இடைவெளி

வெட்கக்கேடான விஷயம் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் கேள்விப்படுவதைவிட அது மேல். ரெஜினா டீச்சர் காலமான செய்தி வந்தபோது என் வாயிலிருந்து புறப்பட்ட முதல் சொல் "ஐயோ" அல்ல. "கடைசி அத்தியாயத்தை எழுதிவிட்டாரா?" என்று கேட்டேன்.

செய்தி கொண்டுவந்தவர் சாந்தோமில் டீச்சரின் மாதா கோயிலில் மணி அடிக்கிற பெரியவர். சைக்கிளிலிருந்து இறங்காமல் ஒரு காலை மட்டும் ஊன்றிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ரெண்டு நாள் ஜுரம் சார். விடியக்காலம் உசிர் போச்சு. சாயங்காலம் நாலு மணிக்கு எடுக்கறோம்" என்றார். இப்படிப்பட்ட மனிதனுக்கு இன்னும் தெளிவாகச் சொன்னால்தான் ஏறும் என்று தோன்றியதோ என்னவோ, "செத்துப்போயிட்டாங்க சார்" என்று சேர்த்துக்கொண்டார்.

நான் 'கொடுக்காப்புளி' என்ற சிறுவர் மாதப் பத்திரிகையில் துணையாசிரியன். பன்னிரண்டு வருடமாக மாதம் தவறாமல் டீச்சரின் அத்தியாயத்தை வாங்கி வாங்கி நாக்குக்கு அந்த ஒரு கேள்விதான் பழக்கம். அது கேட்டுவிட்டது. மனசு, என் உடம்பைப் போலவே கனமானது. மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது. வந்து சேர்ந்தபோது மணிக்காரர் லஸ் முனையைத் தாண்டியிருப்பார்.

அவரை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அறியாமலே அறிந்தவர்களும் உண்டு. 'கூடத்து மாமா' என்ற பெயரில் பேய்க்கதை எழுதி உங்கள் பிள்ளைகளைப் போர்வைக்குள் தள்ளியவர் உண்மையில் மாமா அல்ல. பெண்கள் பள்ளி ஒன்றில் கணக்குப் பாடம் நடத்திய, கல்யாணம் செய்துகொள்ளாத, காற்றடித்தால் குடையோடு சேர்ந்து பறந்துவிடுவாரோ என்று நாம் பயப்படும்படியான ஒரு டீச்சர். "மாமா, உங்கள் மீசை எப்படி இருக்கும்?" என்று அடையாறிலிருந்து ஒரு பையன் கேட்டபோது, "இந்த மாதம்தான் எடுத்துவிட்டேன்" என்று கார்டு போட்டார். பொய் சொல்லக்கூடாது என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் கேட்டு வளர்ந்தவர். கேட்டால், "மாமா சொன்னது சார், நான் சொல்லலே" என்பார்.

அவர் கதைகள் எல்லாமே பழைய கூட்டுக் குடும்ப வீடுகளில் நடக்கும். ஒரு குழந்தை ஏதாவது ஒரு கதவைத் திறக்கும். அதே வீடு அறுபது, எண்பது வருடம் பின்னால் போயிருக்கும். ஆனால் அவர் எந்த வீட்டையும் மனத்தில் கட்டியதில்லை. நிஜமான வீடு வேண்டும். மடக்குகிற மர அடிக்கோலும் கோடு போட்ட நோட்டும் எடுத்துக்கொண்டு போவார். வாசலிலிருந்து கூடம் எத்தனை அடி, மாடிக்கு எத்தனை படி, எந்தப் படி முனகும், எந்த ஜன்னலில் எந்தக் கம்பி உளுத்தது என்று குறித்துக்கொண்டு வந்தபிறகுதான் முதல் வரி.

"பேய்க்கு விலாசம் வேணும், துணை சார்" என்பார். துணையாசிரியன் என்பதால் எனக்கு அந்தப் பெயர். "விலாசம் இல்லாத பேயைக் குழந்தைங்க நம்பாது."

ஒருமுறை தியாகராய நகரில் நான் குடியிருந்த வீட்டுக்கே அழைத்துப் போனேன். என் வீடும் கதையில் வந்தால் மாமனார் வீட்டில் மரியாதை கூடும் என்று ஓர் அற்ப ஆசை. டீச்சர் கூடத்தில் நின்று சுற்றிலும் பார்த்தார். அடிக்கோலைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. "இந்த வீட்டுக்கு இன்னும் பல்லே முளைக்கலை சார்" என்று சொல்லி, என் மனைவி கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அவருக்கு இன்னொரு நியமமும் இருந்தது. ஒவ்வொரு கதையிலும், உள்ளே போகிற குழந்தை வெளியே வரும் வழியையும் சொல்லிவிட வேண்டும். "பயத்துக்குள்ள கையைப் பிடிச்சு அழைச்சுக்கிட்டுப் போலாம். கதவைச் சாத்திட்டு வந்துடக்கூடாது." இதை அவர் நூறு முறை சொல்லியிருப்பார். நூறு முறையும் தலையாட்டியிருக்கிறேன். தலையாட்டுவதற்கும் கேட்பதற்கும் சம்பந்தம் கிடையாது என்பதை நாற்பத்திரண்டாம் வருடம் தெரிந்துகொண்டேன்.

அந்த வருடம் ரங்கூன் விழுந்தது. அடுத்தது சென்னைதான், ஜப்பான்காரன் குண்டு இதோ விழப்போகிறது என்று ஊர் முழுவதும் பேச்சு. காகிதப் பஞ்சம் வேறு. 'கொடுக்காப்புளி' காய்ந்து சுருங்கிப் பாதிப் பக்கமாகிவிட்டது. டீச்சரின் தொடர்கதையில் அந்த மாதம் முக்கியமான கட்டம். வீட்டு மாடியில் ஒரு பெரிய தேக்குப் பெட்டி. வீட்டில் ஒரு ஆள்கூட இல்லாத ஒரு நாளில் அதற்குள் உட்கார்ந்து, மூடியை இறக்கி, கூடத்துத் தூண்களை மனசுக்குள் எண்ணி முடித்தால் வீடு பழைய நாளுக்குப் போய்விடும். அந்தப் பழைய வீட்டில் விளக்குச் சித்தப்பா என்று ஒரு பேய் உலாவும். மாடத்துக்கு மாடம் விளக்கேற்றிக்கொண்டு வரும். அது வருவதற்கு முன்னால் விளக்கெண்ணெய் வாசனை வரும்.

அத்தியாயம் ஏழு வரி அதிகமாகிவிட்டது. பக்கத்தில் இடமில்லை. எதிர்ப்பக்கத்தில் என்ன இருந்தது தெரியுமா? நான் எழுதுகிற 'தலையணைப் புராணம்'. டிராமில் வேட்டி மாட்டிக்கொண்டு தவித்த ஒருவரைப் பற்றிய பத்தி. அதில் எழுபது வரியை வெட்டியிருந்தாலும் தமிழுக்கு நஷ்டம் இல்லை. ஆனால் அதைப் படித்து நானே இரண்டு தரம் சிரித்திருந்தேன். ஆகவே நீலப் பென்சிலை எடுத்தேன். டீச்சரின் கையெழுத்தில் கடைசிக்கு முந்தைய பத்தி சரியாக ஏழு வரி இருந்தது. வரிகளை எண்ணினேன். படிக்கவில்லை. குறுக்கே கோடு போட்டு அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன்.

அந்தச் சித்திரை இதழ் வெளிவந்த வாரம்தான், வேலையில்லாதவர்கள் ஊரைவிட்டுப் போவது நல்லது என்று சர்க்கார் சொல்லிவிட்டது. மூன்றே நாளில் மயிலாப்பூர் காலியாக ஆரம்பித்தது. மாட்டுவண்டிகளில் மெத்தையும் அண்டாவும் தையல் மெஷினும் போயின. என் மனைவியும் பிள்ளைகளும் திருவாரூருக்குப் போய்விட்டார்கள். பூட்டிய வீடுகளின் மதில்மேல் காக்கைகள் உட்கார்ந்து, சோறு வைக்க யாரும் வராத கொல்லைகளைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அப்படி ஒரு நாள், மத்தியானம் ஒன்றரை மணிக்கு, டீச்சர் ஆபீசுக்கு வந்தார். கையில் புது இதழ். உட்காரவில்லை.

"துணை சார், இதுல ஒரு பத்தி இருந்ததே. நாலு விரல். எங்கே அது?"

"இடம் பத்தலே டீச்சர். ஏழே வரிதான்..."

"படிச்சீங்களா?"

நான் மேஜைமேல் இருந்த பசைப் புட்டியைப் பார்த்தேன்.

"மூடியை முழுசா இறக்கக்கூடாது. நாலு விரல் உசரத்துக்கு எதையாவது முட்டுக் கொடுக்கணும், அப்பதான் திரும்பி வர முடியும்னு எழுதியிருந்தேன். அது பேய்க்காக இல்லே சார். மூச்சுக்காக."

"கதைதானே டீச்சர். யார் இதையெல்லாம் செஞ்சு பார்க்கப் போறாங்க?"

"யாரும் செய்ய முடியாதுன்னுதான் வீடு காலியா இருக்கணும்னு வெச்சேன். இருபது பேர் இருக்கற வீடு. ஒருத்தர் குளிக்கப் போனா இன்னொருத்தர் துவைக்க வருவாங்க. அந்த வீடு ஒரு நாளும் காலியாகாதுன்னு நெனச்சேன்." டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பினார். தெருவில் ஒரு வண்டி போய்க்கொண்டிருந்தது. அதன் உச்சியில் கவிழ்த்துக் கட்டிய தொட்டில்.

அவர் வாசலை நோக்கி நடந்தார்; நானும் எழுந்துவிட்டேன். கச்சேரி ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு சந்தில் இருந்தது அந்த வீடு. டீச்சர் அளந்து எழுதிய வீடு. போகும் வழியில்தான் சரோஜாவைப் பற்றிச் சொன்னார். அந்த வீட்டுப் பெண், பத்து வயது, டீச்சரின் வகுப்பு. போன வருடம் அளக்கப் போனபோது அடிக்கோலின் மறுமுனையைப் பிடித்தவள் அவள்தான். கூடத்து மாமா யார் என்பது தெரிந்த ஒரே குழந்தை. அப்பா ரங்கூனில் மரக் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா. மார்கழிக்குப் பிறகு கடிதம் இல்லை. மாடியில் இருந்த தேக்குப் பெட்டி அவர் அனுப்பியதுதான்.

"அவங்கல்லாம் ஊருக்குப் போயிருப்பாங்க டீச்சர்" என்றேன்.

"போயிருக்கணும்" என்றார். அவர் நடையை எட்டிப் பிடிக்க நான் ஓட வேண்டியிருந்தது.

வாசல் கதவில் தேங்காய் அளவுக்குப் பூட்டு தொங்கியது. படியில் கன்னியம்மா உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். நொச்சிக்குப்பத்திலிருந்து வந்து அந்த வீட்டு வாசலைப் பெருக்குகிறவள். போகிறவர்கள் வீட்டை ஒரு கண் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள்.

"இன்னா டீச்சரம்மா, நீ இன்னும் ஊரவுட்டு பூவலியா?"

"நீ போகலையா?"

"நாங்க எங்க பூறது? ஜப்பான்காரன் கடல்லேர்ந்து வந்தா மொதல்ல எங்க குப்பத்தாண்டதான் எறங்கணும். வந்தா வரட்டும், ரெண்டு கருவாடு வாங்கிக்கினு போவட்டும்."

"கன்னியம்மா, சரோஜா யாரோட போனா?"

"பாப்பாவா? அத்த லாரில பூட்சி. காலீல அம்மா ரயிலுக்குக் கெளம்பச்சொல்ல, 'பாப்பா அத்தைகூட வருது'ன்னுதான் சொல்லிச்சி."

"அத்தை லாரியில ஏறினப்ப நீ பார்த்தியா?"

"பாத்தேனே. அத்தயாண்ட நான்தான் கேட்டேன், பாப்பா எங்கன்னு. அது அம்மாகூட ரயிலுக்குப் பூட்ச்..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். வெற்றிலையை மெல்லுவதும் நின்றது. மூன்று பேரும் அந்தப் பூட்டைப் பார்த்தோம்.

"எத்தனை மணிக்கு?" என்று டீச்சர் கேட்டார்.

"லாரி பூவச்சொல்ல ஒம்போது, ஒம்போதரை இருக்கும்."

அப்போது இரண்டேகால். கணக்கு டீச்சர் கழித்துப் பார்க்கவில்லை. பையிலிருந்து நோட்டை எடுத்தார். பக்கத்தைப் புரட்டினார். "கொல்லைப்பக்கம், விறகு அறை ஜன்னல். மூணாவது மரக்கம்பி உளுத்துப்போனது" என்று படித்தார். சந்தைச் சுற்றிக்கொண்டு ஓடினோம். கன்னியம்மா கம்பியை ஒரே இழுப்பில் பிடுங்கிப் போட்டாள்.

உள்ளே போக வேண்டியது நான்தான் என்று இரண்டு பெண்களும் ஒன்றாக என் பக்கம் திரும்பியதில் தெரிந்தது. தலை போயிற்று. தோள் போயிற்று. அதற்குப் பிறகு என் மனைவியின் இருபது வருடச் சமையல் ஜன்னலில் மாட்டிக்கொண்டது. டிராமில் வேட்டி மாட்டிக்கொண்டவனைப் பார்த்துச் சிரித்தவனுக்கு இதுவும் வேண்டும், இன்னமும் வேண்டும்.

"நைனா, மூச்ச உள்ள இஸ்துக்கோ! இஸ்துக்கினியா? ம்!" என்று பின்னாலிருந்து ஒரு உதை. கரி மூட்டையின்மேல் தலைகீழாக விழுந்தேன்.

உண்மையைச் சொல்கிறேன். அந்த நிமிடம் எனக்குக் குழந்தை ஞாபகம் இல்லை. ஜன்னல் எல்லாம் சாத்திய வீடு. வெளியே கொளுத்துகிற வெயில், உள்ளே கிணற்றுக்குள் இருப்பதுபோல் இருட்டு. கொல்லைக் கதவின் தாழ்ப்பாளைத் தேடிச் சுவரைத் தடவிக்கொண்டு போனபோது விளக்கெண்ணெய் வாசனை அடித்தது. நாற்பத்தொரு வயது, இரண்டு பிள்ளைகள், பத்திரிகையில் பேர் போன கேலிக்காரன். அச்சுக்கூடத்தில் பிழை திருத்தும்போது எந்தப் பேயைப் பார்த்துக் கொட்டாவி விட்டேனோ, அந்தப் பேய்க்கு வழிவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றேன். பயணத்துக்கு முன் பிள்ளைகளுக்கெல்லாம் விளக்கெண்ணெய் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கிண்ணம் கழுவாமல் கிடந்தது. அது பிறகுதான் தெரிந்தது.

"கதவு சார்! கதவு!" என்று டீச்சர் வெளியிலிருந்து தட்டினார். தாழ்ப்பாள் அகப்பட்டது.

உள்ளே வந்த டீச்சர் எதையும் தடவவில்லை. "பதினாலு... பதினஞ்சு... இடது பக்கம் தூண்" என்று அடிகளை எண்ணிக்கொண்டே இருட்டில் விறுவிறுவென்று நடந்தார். நான் அவர் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு போனேன் என்று கன்னியம்மா பிற்காலத்தில் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாள். பிடித்தது நோட்டின் மூலையைத்தான். பதினேழு படி. மேலே போகப் போக டீச்சரின் எண்ணிக்கை மெதுவாயிற்று. பதினாறாம் படியில் நின்றுவிட்டார். நான் அவருக்கு முன்னால் போயிருக்க வேண்டும். போகவில்லை. அவரே பதினேழு என்று சொல்லி ஏறினார்.

மாடி அறையில் ஓடு விலகிய இடத்திலிருந்து ஒரு வெளிச்சக் கீற்று. அதன் கீழே பெட்டி. மூடி இறங்கியிருந்தது. பெட்டிக்கும் மூடிக்கும் நடுவே ஒரு பிளவு. பிளவுக்கு வெளியே நான்கு விரல்கள்.

சின்ன விரல்கள். அசையவில்லை.

கன்னியம்மா மாரில் கை வைத்துக்கொண்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்; இதையும் மறைப்பதில் அர்த்தமில்லை. ஏழு வரி, ஏழு வரி என்று மண்டைக்குள் ஏதோ அடித்துக்கொண்டது. டீச்சர் பெட்டியின் பக்கத்தில் முழங்காலிட்டார். அந்த விரல்களைத் தொடவில்லை. வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கிற குரலில் கேட்டார்:

"சரோஜா, எந்த வருஷத்துல இருக்கே?"

உள்ளேயிருந்து, தொண்டை காய்ந்த ஒரு குரல் வந்தது.

"இன்னும் போகலை டீச்சர். இங்கேயேதான் இருக்கேன்."

மூன்று பேரும் சேர்ந்துதான் அந்த மூடியைத் தூக்க முடிந்தது. சுவரில் சாய்ந்திருந்த மூடியை உள்ளிருந்து இழுத்துக்கொள்வது சுலபம். குந்தி உட்கார்ந்தபடி மேலே தள்ள பெரிய ஆளாலும் ஆகாது. வெகுநேரம் கத்தியிருக்கிறாள். லாரி போனதும் குப்பத்துக்குப் போன கன்னியம்மா மத்தியானம்தான் திரும்பியிருந்தாள்; காலியான தெருவில் கேட்பதற்கு வேறு யார் இருந்தார்கள்? கத்தி அலுத்துப்போய் விரலை மட்டும் காற்றுக்கு வெளியே வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறாள். பிளவில் அரிசி அளக்கிற ஒரு பித்தளை ஆழாக்கு முட்டுக் கொடுத்து நின்றது. மூடியின் பாரத்தில் அதன் வாய் கோணிவிட்டது. பெட்டிக்குள்ளிருந்து எழுந்தவள் கரியில் புரண்ட என்னைப் பார்த்தாள்.

"டீச்சர், இவர்தான் விளக்குச் சித்தப்பாவா?"

"ஆமாம்" என்றார் டீச்சர், கொஞ்சமும் யோசிக்காமல்.

கன்னியம்மா கொடுத்த தண்ணீரைச் சரோஜா குடித்து முடிக்கும்வரை டீச்சர் சொம்பைத் தாங்கிப் பிடித்தார். பிறகு, "எங்கே போகணும்னு பார்த்தே?" என்றார்.

"போன ஆடிக்கு. அப்பா லீவுல வந்திருந்தாரே, அந்த நாளுக்கு." பாவாடையில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டே, "போயிட்டு, ரங்கூனுக்குத் திரும்பிப் போக வேணாம்னு சொல்லிட்டு வந்துடலாம்னு..."

டீச்சர் அவளைத் திட்டவில்லை. ஆழாக்கைக் காட்டி, "இதை ஏன் வெச்சே?" என்று மட்டும் கேட்டார். "நீங்கதானே டீச்சர் அன்னிக்கு அளக்கறப்ப சொன்னீங்க. நீங்களே வெச்சுக் காட்டினீங்களே" என்றாள் சரோஜா. டீச்சர் என்னைப் பார்த்தார். வாயால் சொன்னதால் இவள் பிழைத்தாள். என் பத்திரிகையை மட்டும் நம்பிய குழந்தைகள்? அந்தப் பார்வைக்கு நான் அப்படித்தான் அர்த்தம் செய்துகொண்டேன்.

சரோஜாவுக்குப் பசி. ஊரில் ஒரு ஹோட்டல்கூடத் திறந்திருக்கவில்லை. கன்னியம்மா அவளைக் குப்பத்துக்கு அழைத்துப் போனாள். நாங்கள் இருவரும் பூட்டிய வீட்டு வாசற்படியில் உட்கார்ந்தோம். "எந்த ரயில் கிடைச்சாலும் இன்னிக்கே வருவாங்க" என்றார் டீச்சர். வந்தார்கள். லாரியும் ரயிலும் மதுராந்தகத்தில் சந்தித்துக்கொண்டபோதுதான் பெண் இரண்டிலும் இல்லை என்பது தெரிந்திருக்கிறது. ஊரே வெளியே ஓடிக்கொண்டிருக்க, காலி ரயிலில் ஊருக்குள் வந்த ஒரே மனுஷி சரோஜாவின் அம்மாவாகத்தான் இருக்கும். செருப்பில்லாமல் சந்து முனையில் திரும்பி ஓடிவந்தார். அவர் வாயைத் திறப்பதற்கு முன் டீச்சர், "இருக்கா, இருக்கா, சாப்பிட்டுக்கிட்டு இருக்கா" என்று கையைத் தூக்கிக் காட்டினார்.

என்ன சாப்பிட்டுக்கொண்டிருந்தாள் என்பதைச் சொல்லவில்லை. மீன் வாசனை ஆகாத, சுத்த சைவக் குடும்பம். வஞ்சிரக் குழம்பைச் சரோஜா இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள் என்று கன்னியம்மா வாக்குமூலம். ஏழு வருடம் கட்டிக்காத்த ரகசியம். அந்த அம்மாள் இதைப் படிக்க நேர்ந்தால் என்னை மன்னிக்கட்டும். பெண்ணுக்கும் இப்போது கல்யாண வயது.

மறுநாள் காலை டீச்சர் ஒரு கட்டுத் தபால் கார்டோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். சந்தாதாரர் பட்டியலை எடுக்கச் சொன்னார். அத்தனை பேருக்கும் கையால் எழுத வேண்டும்: 'மூடியை மூடாதே. நாலு விரல் இடம் விடு. இல்லாவிட்டால் திரும்பி வர வழி கிடையாது. கூடத்து மாமா.' பாதிப் பேர் ஊரிலேயே இல்லை. கார்டு அவர்களைத் தேடி எந்தெந்த ஊருக்குப் போகுமோ. மூன்று நாள் எழுதினோம். என் விரல் வீங்கிவிட்டது. "நீங்க ஏழு வரியை மிச்சம் பிடிச்சீங்க இல்லே" என்று சொல்லி அடுத்த கட்டைத் தள்ளுவார்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் தபால்காரன் படியேறும் சத்தம் கேட்டால் நான் எழுந்து பின்கட்டுக்குப் போய்விடுவேன். பெற்றோர் கையெழுத்தில் வருகிற கடிதத்தை நான் பிரிப்பதே இல்லை. டீச்சர் வரும்வரை மேஜையில் கிடக்கும். அவர் ஒவ்வொன்றாகப் பிரிப்பார், படிப்பார், வைப்பார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எந்தக் குழந்தைக்கும் ஒன்றும் ஆகவில்லை. மீசையைப் பற்றிக் கேட்ட அடையாறு பையன் மட்டும் தஞ்சாவூரிலிருந்து எழுதினான்: 'மாமா, இந்த வீட்டில் பெட்டி இல்லை. அண்டாவில் உட்காரலாமா?' அன்றைக்குத்தான் டீச்சர் சிரித்தார். சிரித்துவிட்டு, மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு வெகுநேரம் நிமிரவே இல்லை.

அதன் பிறகு அவர் கதைகளில் ஒரு மாற்றம் வந்ததை உன்னிப்பாகப் படித்தவர்கள் கவனித்திருப்பீர்கள். பழைய நாளுக்குப் போகிற குழந்தை, தான் பிறப்பதற்கு முந்தைய நாளுக்குத்தான் போக முடியும். தெரிந்த முகம் ஒன்றைக்கூட அங்கே பார்க்க முடியாது. இது என்ன அநியாயம் என்று குழந்தைகள் கோபித்து எழுதினார்கள். நானும் கேட்டேன். "தெரிஞ்சவங்க இருக்கற நாளுக்கு வழி காட்டினா, அந்தக் குழந்தை எதுக்கு சார் திரும்பி வரணும்?" என்றார்.

சரோஜாவின் அப்பா அந்த ஐப்பசியில் வந்து சேர்ந்தார். பர்மாக் காடுகளை நடந்தே கடந்து, தாடியும் எலும்புமாக. கதவைத் திறந்த சரோஜா அலறிக்கொண்டு உள்ளே ஓடினாளாம். விளக்குச் சித்தப்பா என்ற பட்டத்தை என்னிடமிருந்து பறித்தவர் அவர் ஒருவர்தான்.

ஆழாக்கைச் சரோஜா டீச்சரிடம் கொடுத்தாள். டீச்சர் அதை என் மேஜையில் காகிதம் பறக்காமலிருக்க வைத்தார். அதன் பிறகு ஏழு வருடத்தில் அவர் எழுத்தில் நான் ஒரு எழுத்தைக்கூட வெட்டியதில்லை. நீலப் பென்சிலை எடுத்தாலே போதும். எதிர் நாற்காலியில் இருப்பவர் நாலு விரலைத் தூக்கிக் காட்டுவார். பென்சில் கீழே போய்விடும். என் 'தலையணைப் புராண'த்தை அவருக்காக நானே வெட்டிக்கொண்ட மாதங்கள் உண்டு. வாசகர்கள் பத்திரிகை முன்னேறிவிட்டதாக எழுதினார்கள்.

அடக்கம் முடிந்தபிறகு டீச்சரின் அண்ணன் என்னை வீட்டுக்கு அழைத்தார். "தங்கச்சி உங்ககிட்ட கொடுக்கச் சொல்லிச்சி" என்று ஒரு காகிதக் கட்டை நீட்டினார். மேலே கடைசி அத்தியாயம். ஜுரத்தோடு எழுதியதில் கோடுகள் தள்ளாடின. ஆனால் கதையின் குழந்தைகள் இருவரும் வெளியே வந்துவிட்டார்கள், கதவும் திறந்தே இருக்கிறது. அடுத்த இதழில் ஒரு வரி குறையாமல் வரும். டீச்சரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது இரண்டு: வாய் கோணின அந்த ஆழாக்கு, எதை வெட்டுவதற்கு முன்னாலும் அதை ஒருமுறை படித்துவிடுகிற பழக்கம்.

அந்தப் பழக்கத்தில்தான் கட்டின் அடியில் இருந்த பழைய தாள்களையும் படித்தேன். நாற்பத்திரண்டாம் வருடத்துப் பெட்டி அத்தியாயம்; அச்சகத்து மை விரல் ரேகைகளோடு. முதல் பக்க மூலையில் டீச்சரின் கையெழுத்து: 'அச்சகத்திலிருந்து திரும்பி வந்தது, 1942 வைகாசி.' நாங்கள் கார்டு எழுதிய மறுமாதம். நான்காம் பக்கத்தில் என் நீலக் கோடு. கோட்டுக்கு அடியில் நான் வெட்டிய ஏழு வரியை முதல் முறையாகப் படித்தேன். பிறகு அத்தியாயம் முழுவதையும் இரண்டு முறை தேடினேன். நாலு விரல் எங்கேயும் இல்லை. அந்த ஏழு வரியும் உத்தரத்தில் தொங்கிய ஒரு வௌவாலைப் பற்றியது.